புல் மஞ்சளடித்த இடம்

புல்தரை வாடிப்போனால் எல்லாரும் செய்கிற முதல் காரியம் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவது. அடுத்தது, கடைக்கு ஓடிப்போய் கைக்குக் கிடைத்த உரத்தை வாங்கிவந்து வாரி இறைப்பது. இரண்டுமே புல்லைக் கொல்லும். மண்ணுக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளாமல் புல்லில் கைவைக்கக் கூடாது. இந்தக் காவல் நிலையத்தின் முகப்பில்கூட ஒரு துண்டுப் புல் இருக்கிறது, வரும்போது பார்த்தேன். அதன் மேல் ஏறி நிற்கிற ஜீப்பைத் தள்ளி நிறுத்தினாலே பாதி நோய் போய்விடும்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. நேற்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பற்றி என்ன எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். இன்று காலை கை கழுவப் போகும்போது வெளிச்சுவரில் என் மகளின் படத்தை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தேடப்படும் குற்றவாளி என்று கீழே போட்டிருக்கிறது. அவள் பட்டப்பகலில் புல்தரையில் மண்வெட்டியோடு நின்று குழி வெட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று பின்வீட்டு அம்மா சொன்னாராம். அதை வைத்து, அப்பனும் மகளும் சேர்ந்து மாப்பிள்ளையைக் கொன்று புதைத்தார்கள், மகள் தப்பி ஓடிவிட்டாள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். ஒரு பாவமும் அறியாத பெண்ணை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா. அவள் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் இப்போது பேசுகிறேன். அதனால் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். மேசையைத் தட்டுகிற அந்தத் தம்பியைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னால் நல்லது.

நான் ஒரு விளையாட்டு மைதானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆட்டக்காரர்கள் என்னைப் புல்லுக்காரர் என்பார்கள். அடித்தவன் பெயரைத்தான் கூட்டம் கத்தும். எவனாவது வழுக்கி விழுந்தால் மட்டும் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும். அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் புல்தரை போட ஆரம்பித்தேன். மனுஷன் எதிலாவது கையை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்துவிடும்.

அந்த இடத்தை நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதிச் சிமெண்டு, உடைந்த செங்கல், சுவர் இடித்த காரை எல்லாவற்றையும் அங்கே கொட்டி, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவி, ஒன்றும் தெரியாதது போல மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மேலுக்கு யோக்கியமாக இருந்தது. விதைத்தால் முளைக்கும், விரல் நீளம் வளரும், பிறகு சோகை பிடித்தவன் முகம் மாதிரி வெளுத்துப்போகும். மற்றவர்களாக இருந்தால் இது ஆகிற காரியமில்லை என்று ஏறக்கட்டியிருப்பார்கள். நான் மாதிரி மண் எடுத்தேன்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓர் இடத்து மண்ணை மட்டும் அள்ளி அனுப்பினால் அது அந்த இடத்தின் கதையைத்தான் சொல்லும். எஃகுக் குழாயை எடுத்துக்கொண்டு தரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அங்கங்கே காலால் மிதித்து இறக்கி உருவ வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது, அதன் துரு மண்ணில் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். நிழலில் காயவைத்து, கல்லையும் வேரையும் பொறுக்கி எறிந்துவிட்டுப் பையில் கட்டி அனுப்ப வேண்டும். கல், வேர், அவ்வளவுதான். வேறு எதையும் பொறுக்கி எடுத்தால் அது மாதிரி இல்லை, ஏமாற்று. நான் மனிதர்களிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். மண்ணை அனுப்பும்போது சொன்னதில்லை.

பரிசோதனை நிலையத்தில் ஒரு பெண் இருக்கிறாள். சன்னலோரம் கண்ணாடிக் குடுவைகள், நடுவில் ஒரு நீள மேசை, மேசைக்குப் பின்னால் அவள். வெள்ளை அங்கி எப்போதும் அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிதாகவே இருக்கும். முதல் தடவை என் மண்ணைச் சோதித்துவிட்டு, "ஐயா, இது மண்ணா, இல்ல சுவத்தைச் சுரண்டி அனுப்பினீங்களா?" என்று கேட்டாள். சுண்ணாம்புக் காரம் எக்கச்சக்கம். மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் அந்தக் காரத்தில் புல்லால் அதை எடுக்க முடியவில்லை. தட்டு நிறையச் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்டால் எப்படியோ அப்படி. அவசரப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும் என்றாள்.

நான் அவசரப்படவில்லை. காரத்தை முறிக்கக் கந்தகத் தூளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மட்கிய இலையுரத்தைச் சல்லடையில் சலித்து, மாவு மாதிரி தூவினேன். தரை இறுகாமல் இருக்கக் காற்றுத் துளை போட்டேன். பருவத்துக்கு ஒரு தடவை மண்ணை அனுப்புவேன், காரம் ஒரு நூல் இறங்கியிருக்கும், அவளும் நானும் போனில் சந்தோஷப்படுவோம். கடைசியில் அது எப்படி வந்தது தெரியுமா. வெறுங்காலோடு நடந்தால் கால் புதையாது, ஆனால் தரை லேசாக அமுங்கிக்கொடுக்கும். காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கண் கலங்கும். என் கையால் ஆன ஒரே நல்ல காரியம் அதுதான்.

நல்லது வந்தால் அதை நாசம் பண்ணவும் நாலு பேர் வரத்தானே செய்வார்கள். முதலில் பெருச்சாளிகள் வந்தன. பொறி வைத்தேன், விழவில்லை. புல்தரையின் ஓரத்தை நேராக வெட்ட என்னிடம் ஒரு கருவி உண்டு. நீளக் கைப்பிடி, அடியில் பிறைநிலா வடிவத்தில் தகடு. வாரம் தவறாமல் சாணை பிடித்து வைத்திருப்பேன். வளைக்குப் பக்கத்தில் சத்தம் காட்டாமல் நின்று, தலை தெரிந்ததும் இறக்கினால் ஒரே போடு. முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. தலையையும் உடம்பையும் தனித்தனியாக உரக்குழியில் போட்டுவிடுவேன்.

அப்புறம் கோடி வீட்டுக்காரரின் நாய். நாய் மூத்திரம் பட்ட இடத்தில் புல் கருகிப்போகும், வட்டமாகத் தீய்ந்துவிடும். அவரிடம் நல்ல மாதிரியாகத்தான் சொன்னேன். "வாயில்லாச் சீவன் சார், அதுக்கென்ன தெரியும்" என்று சிரித்தார். நாய் என்னைப் பார்த்தால் வாலை ஆட்டும். அன்றைக்கும் ஆட்டிக்கொண்டுதான் வந்தது. ஒரே அடியில் முடியவில்லை, முதுகில் பட்டுவிட்டது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தது, அதனால் இரண்டாவது அடி சுலபமாக இருந்தது. மறுநாள் அவர் தெருத்தெருவாக அதைத் தேடினார். நானும் கூடவே நடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் அந்த அளவுக்காவது ஒத்தாசையாக இருக்க வேண்டும்.

என் மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தவள், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் குறை சொல்ல வாய் வராது. சிரித்த முகம். வந்த அன்றைக்கே அடைத்துக்கிடந்த சமையலறைத் தொட்டியைச் சரிபண்ணினார். எனக்குப் பல்வலி வந்தபோது கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப்போய், அங்கே இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தார். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யமாட்டான். அவருக்கு டைல்ஸ் கடை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் நான் முட்டி போட்டுக் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, பின்பக்கத்துக்குன்னே ஒரு டைல்ஸ் வந்திருக்கு. மழையிலகூட வழுக்காது. கழுவிவிட்டாப் போதும். நாலு நாற்காலி போட்டு எல்லாரும் சாயங்காலம் உக்காரலாம்."

"புல்லுல உக்காந்தா என்ன மாப்பிள்ளை?"

"நீங்கதான் யாரையும் உக்கார விடமாட்டேங்கறீங்களே" என்று சொல்லிச் சிரித்தார். "உங்க முட்டி தேஞ்சிட்டு இருக்குன்னு உங்க பொண்ணு ஒரே புலம்பல் மாமா. அதுதான் என்னைப் பிடுங்கி எடுக்குது."

அவளைப் புலம்ப வைத்தது யார் என்று எனக்குத் தெரியாதா. சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். "நல்லதுக்குத்தான்பா சொல்றார்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். புருஷன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே அவள் எதிர்த்துப் பேசி அறியாதவள். அவளுக்காகவும் சேர்த்து நான்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

டைல்ஸ் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. மேல்மண்ணைச் சீவி எடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மிச்சத்தை இடித்து இறுக்கி, சல்லி கொட்டி, மேலே சிமெண்டு பூசுவார்கள். அடியில் இருக்கிற மண்புழு, வேர், கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் எல்லாம் காற்றில்லாமல் அப்படியே மூச்சு முட்டிச் சாகும். ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அந்தப் பரிசோதனை நிலையத்துப் பெண்ணைக் கேளுங்கள். அத்தனையையும் உயிரோடு புதைக்கிற காரியத்துக்குத்தான் அவர் சிரித்த முகத்தோடு நாள் குறித்தார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மதியம் அவர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள், அதற்கு முன்னால் அளவுக்குக் கோடு போட்டு வைக்க வேண்டுமாம். என் மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மூட்டையைப் பிரித்ததும்தான் பார்த்தேன், சுண்ணாம்பு. வருஷக்கணக்காக எந்தக் காரத்தை அந்த மண்ணிலிருந்து நூல் நூலாக இறக்கினேனோ, அதையே மூட்டையோடு கொண்டுவந்திருந்தார். குனிந்து பின்னால் நடந்தபடி, கைப்பிடி கைப்பிடியாகப் புல்லின் மேல் சொரிந்துகொண்டு வந்தார். சீட்டி வேறு அடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, சுண்ணாம்பு வேண்டாம். நூல் கட்டிக்குங்க. நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

"நாளைக்கு எல்லாத்தையும் வாரப்போறோம், இதுல என்ன மாமா இருக்கு" என்றார். நிமிர்ந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். என் சட்டையில் அவருடைய கை வெள்ளையாகப் பதிந்துவிட்டது.

நான் கோபத்தில் செய்யவில்லை, இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பின்னால் நடந்து நடந்து எனக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தார். காதுக்குக் கீழே, கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் தகட்டை இறக்கினேன். சத்தம் அதிகம் வரவில்லை. முகம் குப்புற விழுந்தார். நான் நினைத்ததுபோல உடனே முடியவில்லை. தவழப் பார்த்தார், அது முடியாமல் போகவே இரண்டு கையாலும் புல்லைப் பற்றிப் பிடுங்க ஆரம்பித்தார். வேரோடு வந்தது. அதனால் ஒரு காலால் அவருடைய மணிக்கட்டை மிதித்துக்கொண்டேன். "மாமா" என்றார். என்னை அடையாளம் தெரிந்துதான் கூப்பிட்டாரா, வலியில் கூப்பிட்டாரா தெரியவில்லை. தலையில் இரண்டாவது, அப்புறம் இன்னொன்று. மண்டை ஓடு பெருச்சாளி மாதிரி இல்லை, கெட்டி. தகடு மழுங்கிவிட்டது.

மற்ற வேலையெல்லாம் முறைப்படிதான் செய்தேன். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்து, ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைத்தேன். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் குவித்தேன். இரண்டும் கலந்துவிட்டால் புல் பிறகு தலையெடுக்காது. நான் பக்குவப்படுத்தி வைத்திருந்த மண் இந்த வயதிலும் வெட்ட வெட்ட வந்தது. அவருடைய கைபேசியை அணைத்து அவரோடேயே வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஈ மொய்க்க ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. மகள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்த மூட்டையைத் தூக்கி முழுச் சுண்ணாம்பையும் குழியில் கொட்டிவிட்டேன். மண் தள்ளும்போது அதுவும் இதுவுமாகக் கலந்துபோனது.

வாழ்க்கையில் நான் செய்த மன்னிக்க முடியாத தப்பு அது. இன்றைக்கும் நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. காரத்தோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டியவன், என் கையாலேயே ஒரு மூட்டைக் காரத்தை உள்ளே வைத்து மூடினேன்.

அவருடைய வண்டியை ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மகளிடம், எனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு முற்றிவிட்டது, கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றேன். மறுநாள் வந்த டைல்ஸ் ஆட்களையும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினேன். மகள் நம்பவில்லை. சொல்லாமல் போகிற ஆள் இல்லைப்பா என்றாள். போன் அடித்தாள், அவருடைய கடைக்கு ஓடினாள், சினேகிதர்கள் வீட்டுக்கெல்லாம் அலைந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்து அறையில் படுத்திருப்பேன். என் மனசு எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும் என்று பெண் பிள்ளை பெற்ற உங்களுக்கே தெரியும்.

அதற்குள் அந்த இடம் மஞ்சளடிக்கத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு தாள் முழுவதும். கந்தகம் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. போட்டதற்கு மேல் போடவும் பயம், அதிகமானால் வேரே எரிந்துவிடும். எவ்வளவு போட வேண்டும் என்று தெரிய வேண்டுமென்றால் மண்ணில் எவ்வளவு காரம் என்று தெரிய வேண்டும். கண்ணை மூடினால் அந்த மஞ்சள்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் வீட்டில் நான் மட்டும்தான் என்று ஆகிவிட்டிருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். குழாயை எடுத்து அந்த இடத்தில் மட்டும் தனியாக மாதிரி எடுத்து அனுப்பினேன்.

அந்தப் பெண் உடனே கூப்பிட்டாள். "ஐயா, இது உங்க மண்ணுதானா? இத்தனை வருஷம் இறக்கினதெல்லாம் போச்சே. யாராவது சுண்ணாம்பைக் கொட்டினாங்களா?"

"மாப்பிள்ளை கோடு போடறேன்னு கொண்டுவந்தார்மா. கொட்டிப்போச்சு" என்றேன்.

அவள் உச்சுக்கொட்டினாள். "கொஞ்சம் ஆழத்துலருந்தும் எடுத்து அனுப்புங்க. எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு பாத்தாத்தான் கந்தகம் எவ்வளவுன்னு சொல்ல முடியும்."

அவள் சொன்னது நியாயம். மறுநாள் குழாயை ஆழமாக இறக்கினேன். ஓரிடத்தில் எதிலோ முட்டி நின்றது. திருகி அழுத்தியதும் விட்டுக்கொடுத்தது. காயவைத்துப் பொறுக்கும்போது மண்ணோடு கொஞ்சம் தலைமுடி இருந்தது, அதன் அடியில் வேறு ஏதோவும் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன், பார்க்காமல் இல்லை. கல்லை எடுத்தேன், வேரை எடுத்தேன். பையைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

நேற்றிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். எல்லாவற்றையும் மறைத்தவன் அதை ஏன் அனுப்பினான், பைத்தியமா, பிடிபட ஆசைப்பட்டானா என்று. இரண்டும் இல்லை. முடியை எடுத்துவிட்டு அனுப்பினால் அது அந்த இடத்து மண் இல்லை. தப்பான மண்ணுக்குத் தப்பான கணக்குத்தான் வரும். அந்தப் பெண் என்னை நம்பிச் சோதிக்கிறாள். அவள் உங்களுக்குப் போன் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் கந்தகம் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது என் மகள் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசியது. பின்வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. அவள் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஆனால் பார்த்ததைப் புரிந்துகொள்ளவில்லை. அவள் புதைக்கவில்லை. தோண்டினாள்.

மஞ்சளடிக்க ஆரம்பித்த சமயம் அது. அவள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருக்கிறாள். கீழே நின்று பார்க்கிற எனக்கு அது வெறும் மஞ்சள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்த நீளத்துக்கு இருந்ததாம். துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். புல்லைக் கொத்துக் கொத்தாகப் பெயர்த்து வெயிலில் வீசினாள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாக இறைத்தாள்.

"கண்ணு, வேண்டாம்மா, நிறுத்து. எல்லாம் கலக்குது பாரு" என்றேன்.

"அவரா டைல்ஸ் போடணும்னு சொன்னாரு? நான்தாம்பா சொன்னேன்" என்றாள், வெட்டுவதை நிறுத்தாமல். "அம்மா போனதுலருந்து நீங்க எங்கிட்டப் பேசினதைவிட இந்த மண்ணுகிட்டப் பேசினதுதான் அதிகம். இதை மூடிட்டா நீங்க எங்களைத் திரும்பிப் பாப்பீங்கன்னு நான்தான் அவரைக் கெஞ்சினேன். அவரு பாவம், மாமா மனசு நோகும்னுதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டாரு."

அதிர்ச்சியில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். புருஷனைக் காப்பாற்ற ஒரு பெண் எதை வேண்டுமானாலும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டைக் கை தெரிந்ததும் அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. மண்ணைக் கையாலேயே ஒதுக்கி, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெற்றவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தது பெயர்த்துப் போட்ட புல்லின் மேல். வேர் மேலே பார்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளி உட்காரம்மா என்று எவ்வளவோ தன்மையாகச் சொன்னேன். அவள் நகரவில்லை. தகட்டை அன்று காலையில்தான் சாணை பிடித்திருந்தேன். மாப்பிள்ளைக்கு ஆன மாதிரி அவளுக்கு ஆகவில்லை, ஒரே அடிதான். அந்த வேதனையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் நிற்கிற உங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவள் எங்கேயும் ஓடவில்லை. ஓடுகிற மாதிரி நான் அவளை வளர்க்கவும் இல்லை. சுவரில் இருக்கிற படத்தை முதலில் கிழித்தெடுங்கள். குழாயடிக்குப் பக்கத்தில், நேற்று உங்கள் ஆட்கள் தோண்டிக் களைத்துப்போய் உட்கார்ந்து டீ குடித்தார்களே, அந்த இடத்தில் பாருங்கள். என்ன புல் ஐயா என்று ஒருவர் தடவிக்கூடப் பார்த்தார். அங்கே ஒரு தாள் மஞ்சளடித்திருக்காது. மாப்பிள்ளையின் குழியைத் திரும்ப மூடிவிட்டு, இவள் குழியை நிதானமாக ஆழமாகவே எடுத்தேன். மட்கிய உரத்தைச் சலித்து அடியிலும் மேலுமாகப் போட்டேன். சுண்ணாம்பு ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை, பெற்ற பெண்ணாயிற்றே.